ஏரி மேலே, வயல் கீழே

என் கடைச் சுவரில் இன்றைக்கும் 'பஞ்சர்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. நான் லேடீஸ் டைலர். பாகூர் ரோட்டில், எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரில் என் கடை. எனக்கு முன்னால் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தவர் சுவரில் பெரிய எழுத்தில் அப்படி எழுதி, பக்கத்தில் ஒரு சக்கரமும் போட்டிருந்தார். கடை திறப்பதற்கு முன் பெயிண்டர் அக்காவைக் கூப்பிட்டு, இதை அழித்துவிட்டு என் கடைப் பெயரை எழுதித் தாருங்கள் என்றேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், சைக்கிள் சக்கரம் தையல் மெஷினின் சக்கரமாகியிருந்தது. மிச்ச மெஷினை அவர் வரைந்திருந்தார். என் கடைப் பெயர் மேலே அழகாக இருந்தது. பஞ்சரும் அப்படியே இருந்தது.

"யக்கா, பஞ்சர அழிக்கலயே."

"இருந்துட்டுப் போவுது. எத்தினி வருஷம் அந்தாளு இங்க குந்தினு ட்யூப் ஒட்டுனாரு. ஒரே நாள்ல இல்லன்னு ஆக்கிட்றதா?"

எனக்கு எதிர்த்துப் பேச வராது. இப்போதும் யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருப்பேன். இரண்டு பேருக்கும் கூச்சமாகிவிடும்.

அக்கா அப்படித்தான். ஏற்கெனவே இருக்கும் ஒன்றை அழிக்க மாட்டார். பால்வாடிச் சுவரில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தபோது ஈரப் பெயிண்டில் ஒரு ஆடு உரசிக்கொண்டு போய்விட்டது. அந்தக் கோட்டைத் துடைக்காமல் ஓடையாக்கி அதில் மீன் விட்டார். பார்க்க வந்த அதிகாரியம்மா, எழுத்துக்கு நடுவில் ஓடை எதற்கு என்று கேட்டார். "ஆடு போட்டது மேடம்" என்றார் அக்கா. அந்த அம்மா சிரிக்கவில்லை.

எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் பல சுவர்களில் அவருடைய முயலும் கிளியும் இருக்கும். வேலை முடிந்ததும் மூலையில் இரண்டு பெயர் எழுதுவார். ஒன்று அவருடையது. இன்னொன்று அவர் வீட்டுக்காரருடையது. அவர்கள் சேர்ந்து வேலை செய்தவர்கள். எழுத்து அவர், படம் இவர். அவர் தவளக்குப்பம் பக்கம் லாரி மோதி இறந்துபோன பிறகு இரண்டையும் அக்காவே செய்தார். பெயர் மட்டும் இரண்டாகவே இருந்தது.

ஏன் இன்னும் இரண்டு பெயர் என்று ஒருநாள் தைரியமாகக் கேட்டுவிட்டேன்.

"எழுத்து போட கத்துக் குடுத்தது அந்தாளு. கை எங்கிட்ட இருக்குது. எழுத்து அவுருது தானே?" என்றார்.

அக்கா பிறந்தது மேலத்தெரு. அவர் வீட்டுக்காரர் காலனி. இதை இவ்வளவு சுருக்கமாக எழுதிவிட்டேன். அவர்கள் கல்யாணம் செய்துகொண்டபோது எங்கள் ஊரில் பத்து நாள் போலீஸ் நின்றது. அதன்பின் அக்காவின் தம்பி அவரோடு பேசவில்லை. வீட்டுக்காரர் இறந்தபோது தாய்வீட்டிலிருந்து ஆள் வந்தது. திரும்பி வரலாம், ஆனால் கையில் பச்சை குத்தியிருக்கும் அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டும். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்து எடுக்கிறார்களாம், செலவும் எங்களுடையது என்றார்கள். அக்கா வந்தவருக்கு டீ கொடுத்தார். டீ டம்ளரை நீட்டும்போது அந்தக் கை முழுக்கத் தெரியும்படிதான் நீட்டினாராம். வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா காலனியிலேயே இருந்தார்.

அவர் பக்கத்தில் இருந்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். கெட்டவர்களைப் பார்த்து வருகிற பயம் இல்லை அது. எந்த இடத்தில் இவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று முன்கூட்டியே தெரியும், ஆனால் சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. அந்தப் பயம்.

பியானோ வந்தது இதற்கெல்லாம் பிறகு. புதுச்சேரி டவுனில் பழைய வீடுகளில் சும்மா கிடக்கும் பியானோக்களை வாங்கி, ஊர் ஊராகப் பொது இடத்தில் வைத்து, அந்தந்த ஊர் ஓவியர்களை வைத்து வரையச் சொல்லும் ஒரு குழு. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். எங்கள் பஸ் நிறுத்தத்துக்கும் ஒன்று மினி லாரியில் வந்து இறங்கியது. பீரோவை இடுப்பளவுக்கு வெட்டி வைத்த மாதிரி இருந்தது. மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை, நடுவில் வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள். எல்லாரும் அதைப் பெரிய ஆர்மோனியம் என்றோம். ஈரக் காற்றுக்குச் சில கட்டைகள் அமுங்கினால் மேலே வராது. பக்கத்தில் நிற்கிறவர் விரலால் தூக்கிவிட வேண்டும்.

அதை நிறுத்தத்தில் வைத்ததற்குக் காரணம், மேலத்தெருவும் காலனியும் பஸ் ஏறும் ஒரே இடம் அதுதான். கூரையும் இருக்கிறது. குழுவிலிருந்து வந்த தாடிக்காரப் பையனுக்கு அது நல்ல காரணமாகத் தெரிந்தது. எங்களுக்கு அப்படித் தெரியவில்லை.

ஏனென்றால் பெயிண்ட். மஞ்சள் மேலத்தெருவின் கொடி. நீலம் காலனியின் கொடி. எங்கள் பக்கத்தில் ஒரு கம்பத்துக்கு நிறம் அடித்தால்கூட யார் அடித்தது, எதற்கு என்று கேட்பார்கள். அக்கா டப்பாக்களை எடுத்து வைத்த முதல் நாளே பஸ்ஸுக்குப் போகாதவர்களும் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த மூடியைத் திறக்கிறார் என்று பார்க்கத்தான்.

தாடிப் பையன் யோசனை சொன்னான். "அக்கா, மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையா அடிச்சிடலாமே. ஒத்துமைக்கு ஒத்துமை."

"பச்சைக்கு வேற ரெண்டு பேரு இருக்கானுங்க தம்பி. செவப்புக்கு மூணு பேரு. காவிக்குக் கேக்கவே வேணாம். எல்லா கலரையும் கட்சிக்காரனுங்க தூக்கினு பூட்டானுங்க. எனுக்கு இன்னா மிச்சம் சொல்லு?"

வேர்க்கடலை விற்கும் அம்மா கூடையைத் தட்டிச் சிரித்தார். "கடலத்தோலு கலர் இருக்குது, அத்த அடி."

அக்கா பாகூர் ஏரியை வரைந்தார். மேல் பலகை முழுக்கத் தண்ணீர். கீழ்ப் பலகையில் அறுப்புக்கு நிற்கும் நெல். நடுவில் கட்டைகள் இருந்த இடம்தான் ஏரிக்கரை. நான் கடையில் உட்கார்ந்தபடியே பார்ப்பேன். காற்றடித்தால் அந்த நெல் சாயும் போல இருக்கும்.

மூன்றாம் நாள் மேலத்தெருப் பிள்ளைகள் வண்டியில் வந்து நின்றார்கள்.

"இன்னாது இது? நீலத்த மேல வச்சி மஞ்சள கீழ வச்சிருக்குற?"

அக்கா திரும்பவில்லை. "ஏரிப்பா. ஏரி மேலதான் இருக்கும். கீழ இருந்தா உங்க வயலுக்குத் தண்ணி எப்பிடி வரும்? குடத்துல மொண்டு ஊத்துவியா?"

கடலை விற்கும் அம்மா சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மைக்கு அங்கே யாரும் நிற்கத் தயாராக இல்லை. அன்று சாயங்காலமே, காலனிப் பிள்ளைகள் ஏரியைத் தொட்டால் விட மாட்டோம் என்று சொல்லியனுப்பினார்கள். மறுநாள் காலை சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தத்தில் உட்கார வைத்தார்கள். பியானோவுக்குக் காவல்.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, எதற்கு வம்பு, மொத்தத்தையும் கறுப்பாக அடித்துவிடு என்றார். மாசி மகம் வருகிறது, சாமி தீர்த்தவாரிக்கு இந்த வழியாகத்தான் போகும், அன்றைக்கு இது இங்கே இப்படி இருக்கக்கூடாது. "சேக்கணும்னா சேக்கறேன் சார். அழிக்க மாட்டேன்" என்றார் அக்கா. அப்படியே செய்தார். மேலத்தெருவுக்காக ஏரித் தண்ணீரில் விடியல் வெயிலை மஞ்சளாக மிதக்கவிட்டார். அப்போது காலனியில், எங்களுக்கு இல்லையா என்று கேட்டார்கள். அவர்களுக்காக மதகைத் திறந்து, நெல்லுக்கு நடுவே நீலமாக வாய்க்கால் ஓடவிட்டார். ஒருவர் வந்து கோயில் எங்கே என்றார். கோயில் வந்தது. மாதா கோயில் வந்தது. கடலைக்கூடையும் வந்தது. அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. இனி எது மேலே, எது கீழே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டது. மாதா கோயில் பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பாட்டு வாசித்தாள். போலீஸ்காரர்கூடத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கேட்டார்.

அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். மகத்துக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் அக்கா வேலையை முடித்து, பெயர் எழுதினார்.

கட்டைகளுக்கு மேலே, மூடியின் உள்பக்கத்தில், பியானோவைச் செய்த கம்பெனியின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. அதையும் அவர் அழித்திருக்கவில்லை. அதன் பக்கத்தில் அவர் பெயர். அதன் பக்கத்தில் வீட்டுக்காரர் பெயர். அதுவரை சுவர்களின் கீழ் மூலையில் செடி மறைக்க இருந்த பெயர் இப்போது பஸ் ஏறுகிறவர்கள் கண்ணுக்கு நேராக, மேலத்தெருச் சாமி போகிற வழியில் இருந்தது. நான் ரோட்டைத் தாண்டிப் போய், "யக்கா, இத்த கீழ எங்கனா போடக்கூடாதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"செஞ்சவன் பேரு அங்க இருக்குது. வரைஞ்சவங்க பேரு எங்க இருக்கும்?" என்றார்.

மறுநாள் காலை அக்காவின் தம்பி வந்தான். அவன் என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பின்னால் நாலைந்து வண்டிகள். ஒருவன் கையில் கறுப்பு எனாமல் டப்பா, ஒருவன் கையில் கடப்பாரை. காலனிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து ரோட்டோரம் நின்றுவிட்டார்கள். போலீஸ்காரர் எழுந்து நின்று போனில் யாரையோ கூப்பிட்டார். அக்கா பியானோ முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார்.

தம்பி அவரிடம் போகவில்லை. நேராக என் கடைக்கு வந்தான்.

"டைலரு, அவங்ககிட்ட சொல்லு. ஏரி மேல இருக்கட்டும், கீழ இருக்கட்டும், பசங்கள நா அடக்கிக்கறேன். அந்தப் பேர மட்டும் எடுத்துட சொல்லு."

எங்கள் ரோடு அகலமில்லை. அவன் சொன்னது அங்கே கேட்டிருக்கும். ஆனாலும் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினேன்.

"யக்கா, தம்பி வந்து..."

"கேட்டுச்சு. எந்தப் பேருன்னு கேளு."

திரும்பி வந்தேன். "எந்தப் பேருன்னு கேக்கறாங்க."

"ஏன், தெரியாதா அவங்களுக்கு?"

அந்தப் பக்கமிருந்து அக்கா என்னைப் பார்த்தே சொன்னார். "வாயால சொல்ல சொல்லு. இன்னிக்கு வரைக்கும் அவன் வாயால ஒரு தபா சொன்னதில்ல."

கடலை விற்கும் அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "நீ இன்னா போஸ்ட்மேனா? கம்முனு உள்ள குந்துடி. கத்திரிக்கோல வேற தூக்கினு அலையுற."

நான் உட்காரவில்லை.

"நாளைக்கு சாமி வர்றப்ப அது அங்க இருந்தா பொட்டி இருக்காது," என்றான் தம்பி. இப்போது என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்து. "பொட்டிய ஒடச்சா தோ அவனுங்க வருவானுங்க. அப்பறம் எத்தினி மண்ட ஒடையும்னு கேளு. அத்தினியும் ஒரு பேருக்காகவான்னு கேளு."

நான் போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கா எழுந்துவிட்டார். துணியில் பிரஷ்ஷை நன்றாகத் துடைத்தார். நடந்து வந்து, கறுப்பு டப்பா வைத்திருந்தவன் கையிலிருந்து அதை வாங்கி, ஸ்க்ரூ டிரைவரால் மூடியைத் திறந்து, குச்சியால் கலக்கினார். அடியில் கட்டியில்லாமல் நிதானமாகக் கலக்கினார். அதைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் நின்றோம். அழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

அவர் பிரஷ்ஷைத் தம்பியிடம் நீட்டினார்.

"இந்தாடா. நா அழிக்க மாட்டேன். நீ அழி."

அவ்வளவு வருடத்துக்குப் பிறகு நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். காலனிப் பிள்ளைகள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் கையைக் காட்டினார். "யாரும் வராதீங்கப்பா. எங்க ஊட்டுக்காரரு பேரு அது. பிரஷ்ஷ நாந்தான் குடுக்கறேன்."

தம்பி பிரஷ்ஷை வாங்கவில்லை. கடப்பாரை வைத்திருந்தவன், "குடுண்ணே, நா அடிக்கறேன்" என்று கையை நீட்டினான்.

"நீ யாருடா?" என்றார் அக்கா. "உனுக்கு அவரு மச்சானா? இவனுக்குத்தான் மச்சான். இவனே அடிக்கட்டும்."

கடலூர் போகிற பஸ் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறவில்லை, இறங்கியவர்கள் போகவில்லை. கண்டக்டர் விசில் ஊத மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி பிரஷ்ஷையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினான். பெயர் உள்ளே தள்ளி இருந்ததால் குனிய வேண்டியிருந்தது. குனிந்தவன் இடது கையை ஊன்ற, அது கட்டைகள் மேல் விழுந்தது. பியானோ ஒரேயடியாகக் கத்தியது. அவன் கையை எடுத்துவிட்டான். மறுபடி குனிந்தான். மறுபடி ஊன்றித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் அது ஒரு சத்தம் போட்டது. பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை, மேலத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு பெயரை மறைக்க நாலு இழுப்பு போதும். அவன் நிறைய இழுத்தான். முடித்து நிமிர்ந்தபோது சட்டையெல்லாம் வேர்வை. பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

மறுநாள் சாமி மேளத்தோடு போனது. ஒன்றும் நடக்கவில்லை.

கூட்டம் கடந்தபின் அக்கா வந்தார். வெள்ளைப் பெயிண்ட்டும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டுவந்திருந்தார். கறுப்புப் பட்டையைத் தொடவில்லை. அதன் பக்கத்தில் ஒரு பெயரை எழுதினார். இனிஷியலைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே இனிஷியல்தானே. அது தம்பியின் பெயர்.

"வேணாம்க்கா. திரும்பவும் சண்டை வரும்."

"அடிச்சவங்க பேரு போடறதுதான வழக்கம்? அவனும் அடிச்சிருக்கான் இல்ல." எழுத்தின் வளைவை முடித்துவிட்டுச் சொன்னார். "ஆனா உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம அடிச்சிட்டான். பேரு மேல நா போட்ட வார்னிஷ் வழவழன்னு இருக்குது. அதுமேல நிக்காது. நா சொல்லல. அவன் கேக்கல."

தம்பி வந்து பார்த்தான். கடப்பாரையோடு வந்தவர்களே பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இன்னாண்ணே, நீயும் ஆர்ட்டிஸ்ட் ஆயிட்ட" என்றார்கள். அவன் பெயரை அழிக்க வேண்டுமானால் அவனே மறுபடி ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கட்டைகள் மேல் கை ஊன்ற வேண்டும். அவன் செய்யவில்லை. கொஞ்ச நாள் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போனான்.

அந்த வருடத்திலிருந்து எங்கள் பக்கத்தில் அக்காவுக்கு வேலை கொடுக்கத் தயங்கினார்கள். ஓசூர் பக்கம் வேலையில் இருக்கும் மகளோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது என் கடை வாசலில் நின்று சுவரைப் பார்த்து, "இன்னும் பஞ்சருக்கு ஆள் வருதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரு மழைக்காலம் போனதும் கறுப்பு உரியத் தொடங்கியது. யாரும் உரிக்க வேண்டும் என்று உரிக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு, ஓரம் தூக்கிய பெயிண்ட்டைப் பார்த்தால் விரல் சும்மா இருக்காது. மேலத்தெருக்காரர், காலனிக்காரர், காலேஜ் பெண்கள், வெளியூர்க்காரர், எல்லாரும் பேசிக்கொண்டே நகத்தால் சுரண்டுவார்கள். சுரண்டும்போது மணிக்கட்டு கட்டை மேல் படும். டொங் என்று ஒரு சத்தம் வரும். தைத்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டால், இன்னொரு துண்டு போயிற்று என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர் எழுத்து எழுத்தாக வெளியே வந்தது.

போன தை மாதம் தம்பியின் வண்டி ரிப்பேர். பஸ்ஸுக்கு வந்து நின்றான். அறுப்பு மெஷின் அனுப்பாத யாரோடோ போனில் சண்டை. "நேத்தே அனுப்பறன்னு சொன்னியே, நெல்லு சாஞ்சிபோச்சு, இன்னா பேசற நீ?" என்று கத்திக்கொண்டே பியானோ மேல் சாய்ந்தான்.

டொங் என்றது. நான் நிமிர்ந்தேன்.

அவன் கட்டைவிரல் நகம் சுரண்டிக்கொண்டிருந்தது. அவன் கண் ரோட்டில் இருந்தது. தெரிந்துதான் செய்தானா என்று எனக்குத் தெரியாது. பஸ் வந்ததும் விரலில் ஒட்டியதை ஊதிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். பெயரின் கடைசி எழுத்தின் புள்ளி மேல் மட்டும் மிச்சமிருந்த கறுப்பும் போயிருந்தது. அவன் கை பட்ட கட்டை அமுங்கியபடியே இருந்தது. விரலால் அதைத் தூக்கிவிட்டேன்.